ஜோசப் ஹேடன்

பிரான்ஸ் ஜோசப் ஹேடன் (மார்ச் 31, 1732 - மே 31, 1809) ஆஸ்திரியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆவார். மேற்கத்திய செந்நெறி இசையின் செவ்வியல் காலத்தை உருவாக்கிய மூவரில் மூத்தவர் இவர். மோட்சார்ட், பேத்தோவன் ஆகியோர் மற்ற இருவர். சிம்பொனியின் தந்தை என்றும் நால்வர் தந்தியிசையின் தந்தை என்றும் இவர் போற்றப்படுகிறார். இவ்விரு வடிவங்களும் இவருக்கு முன்பே இருந்தன எனினும் அவற்றுக்கு நிலையான அமைப்பையும் ஆழத்தையும் தந்தவர் இவரே. எண்ணிடப்பட்ட 104 சிம்பொனிகள், 68 நால்வர் தந்தியிசைப் படைப்புகள், இசை நாடகங்கள், திருப்பலி இசைகள், ஓரட்டோரியோக்கள் எனப் பரந்து விரிந்தது இவரது படைப்புலகம்.

வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு பிரபுக் குடும்பத்தின் சீருடை அணிந்த ஊழியராகக் கழித்த ஹேடன், தமது 58 ஆவது வயதுக்குப் பின்னரே கட்டணம் செலுத்திக் கேட்கும் பொதுமக்களுக்கு முன் நேரடியாகத் தோன்றினார். அப்போது அவர் எழுதிய இலண்டன் சிம்பொனிகளுள் ஒன்றான சிம்பொனி எண் 94 இன் இரண்டாம் அங்கம், அவரது இசைமுறையை எளிதில் விளக்கும் படைப்பு ஆகும். அதன் இசைக்கூறுகள் இக்கட்டுரையில் தனியாக ஆராயப்பட்டுள்ளன.

இளமைக் காலம்

ஹேடன் ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லைக்கு அருகில் உள்ள ரோராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மத்தியாஸ் ஹேடன் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. தாய் அன்னா மரியா, திருமணத்திற்கு முன் ஹராக் பிரபுவின் மாளிகையில் சமையல் பணி செய்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஹேடன் இரண்டாமவர். தந்தைக்கு இசைக்குறிப்புகளை வாசிக்கத் தெரியாது. ஆயினும் அவர் யாழ் போன்ற ஹார்ப் கருவியை மீட்டுவார். வீட்டில் அனைவரும் சேர்ந்து நாட்டுப் பாடல்களைப் பாடுவர். ஹேடனின் தம்பி மைக்கேல் ஹேடனும் பின்னாளில் சால்ஸ்பர்க்கில் சிறந்த இசையமைப்பாளராக விளங்கினார்.

மகனின் திறமையைக் கண்ட பெற்றோர், ஏறத்தாழ ஆறு வயதில் அவரை ஹைன்பர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த உறவினர் ஒருவரிடம் அனுப்பினர். அங்கு பட்டினியும் அடியும் இருந்த போதிலும் பல இசைக்கருவிகளின் அடிப்படையைக் கற்றதாக ஹேடன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவர் அதன் பின்னர் பெற்றோருடன் நிலையாக வாழவில்லை.

வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தின் இசை இயக்குனர் ஜியார்க் ராய்ட்டர், நல்ல குரல் உள்ள சிறுவர்களைத் தேடி வந்தபோது ஹேடனைத் தெரிவு செய்தார். 1740 இல் வியன்னா சென்ற ஹேடன் ஒன்பது ஆண்டுகள் பாடகர் குழுவில் பாடினார். இசைக் கோட்பாட்டில் முறையான பயிற்சி மிகக் குறைவாகவே கிடைத்தது. குரல் உடைந்த பின்னர், 1749 அளவில் அவர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

தாமே கற்ற ஆண்டுகள்

கையில் பணமோ வேலையோ இல்லாத நிலையில் ஹேடன் வியன்னாவில் மைக்கேலர்ஹவுஸ் என்னும் கட்டடத்தின் கூரையடி அறையில் தங்கினார். பிள்ளைகளுக்கு இசை கற்பித்தும், தெருக்களில் மாலை நேர இசைக் குழுக்களில் வாசித்தும், ஆலயங்களில் பாடியும் பிழைத்தார். அதே கட்டடத்தில் புகழ்பெற்ற இத்தாலியக் கவிஞர் மெத்தஸ்தாசியோ வசித்து வந்தார். அவர் வழியாக இத்தாலிய இசையமைப்பாளர் நிக்கோலா போர்ப்போராவின் அறிமுகம் கிடைத்தது. போர்ப்போராவுக்குப் பணியாளராகவும் பக்கவாத்தியம் வாசிப்பவராகவும் இருந்து, இசையமைப்பின் அடிப்படைகளை அவரிடம் கற்றுக்கொண்டதாக ஹேடன் கூறியுள்ளார்.

பல குரல்களை இழைத்து அமைக்கும் கலையை ஃபுக்ஸ் எழுதிய பாடநூலிலிருந்து பயிற்சி பயிற்சியாகத் தாமே செய்து கற்றார். கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக்கின் படைப்புகளையும் ஊன்றிப் பயின்றார். சிறு பொருளை எடுத்து அதிலிருந்து பெரிய அமைப்பைக் கட்டும் பழக்கம் இக்காலத்துப் பயிற்சியில் வேரூன்றியது எனலாம்.

1750களின் பிற்பகுதியில் மோர்ட்சின் பிரபுவின் இசை இயக்குனராக முதல் நிலையான பணி கிடைத்தது. முதல் சிம்பொனிகள் இங்கு எழுதப்பட்டன. 1760 இல் மரியா அன்னா கெல்லர் என்பவரை மணந்தார். அவர் முதலில் விரும்பியது மரியா அன்னாவின் தங்கையை. அப்பெண் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். மகிழ்ச்சியற்ற இம்மணவாழ்வில் குழந்தைகள் இல்லை. மரியா அன்னா 1800 இல் இறந்தார்.

எஸ்டர்ஹாசி பிரபுக்களின் பணியில்

மோர்ட்சின் பிரபு பண நெருக்கடியால் இசைக்குழுவைக் கலைத்தார். ஹங்கேரியின் பெருஞ்செல்வக் குடும்பமான எஸ்டர்ஹாசியினர் 1761 இல் ஹேடனைத் துணை இசை இயக்குனராக அமர்த்தினர். மே 1, 1761 இல் கையெழுத்தான ஒப்பந்தம் அக்காலத்தில் இசைக்கலைஞரின் சமூக நிலை எத்தகையது என்பதைக் காட்டும் ஆவணம் ஆகும். அதன் முக்கிய நிபந்தனைகள்:

- ஹேடன் அரண்மனைச் சீருடையில் தோன்ற வேண்டும்.
- முற்பகலிலும் பிற்பகலிலும் முன்கூடத்தில் காத்திருந்து, அன்று இசை வேண்டுமா எனப் பிரபுவின் கட்டளையைப் பெற வேண்டும்.
- பிரபு விரும்பும் இசையை எழுதித் தர வேண்டும். அவ்விசையின் படிகளை வேறு எவருக்கும் தரக்கூடாது.
- அனுமதியின்றி வேறு எவருக்காகவும் இசை எழுதக் கூடாது.
- இசைக் கலைஞர்களின் ஒழுக்கத்திற்கும் இசைக்கருவிகளின் பராமரிப்பிற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அதாவது, ஹேடன் எழுதிய இசை சட்டப்படி ஹேடனுக்குச் சொந்தமில்லை. 1762 இல் பால் அன்டன் இறந்ததும் அவரது தம்பி நிக்கோலஸ் பிரபு ஆனார். இவர் இசையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1766 இல் ஹேடன் முழுமையான இசை இயக்குனர் ஆனார். நிக்கோலஸ் பாரிட்டோன் என்னும் அரிய தந்திக்கருவியை வாசிப்பவர் என்பதால், அக்கருவிக்காக மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மூவர் இசைகளை ஹேடன் எழுத நேர்ந்தது.

நிக்கோலஸ் ஹங்கேரியின் சதுப்பு நிலப் பகுதியில் எஸ்டர்ஹாசா என்னும் பெரும் அரண்மனையைக் கட்டினார். அங்கு இசை நாடக அரங்கும் பொம்மலாட்ட அரங்கும் இருந்தன. ஆண்டின் பெரும்பகுதி அரண்மனைக் குழு அங்கேயே தங்கியது. வியன்னாவிலிருந்து விலகிய இத்தனிமை ஹேடனுக்குச் சுமையாகவும் அதே வேளை ஆய்வுக்கூடமாகவும் அமைந்தது. ஓர் இசைக்குழு எப்போதும் அவர் கைவசம் இருந்தது. எழுதியதை உடனே வாசிக்கச் செய்து, எது கேட்போரைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று பார்த்து, சேர்க்கவும் நீக்கவும் அவரால் முடிந்தது. பின்பற்றுவதற்கு அருகில் எவரும் இல்லாததால் தனித்தன்மை உடையவராக ஆக வேண்டியிருந்தது என்னும் கருத்தை முதுமையில் தம் வரலாற்றாசிரியரிடம் அவர் தெரிவித்தார்.

விடைபெறல் சிம்பொனி

எஸ்டர்ஹாசாவில் இசைக் கலைஞர்களுள் பெரும்பாலோருக்குக் குடும்பத்தினரை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. 1772 இல் பிரபு வழக்கத்தை விட நீண்ட காலம் அங்கு தங்கிவிட்டதால் கலைஞர்கள் ஏக்கமுற்றனர். நேரடியாக முறையிட இயலாத ஹேடன், அம்முறையீட்டைச் சிம்பொனி எண் 45 இன் இறுதியில் அமைத்தார். விரைவான இறுதி அங்கம் திடீரென நின்று ஒரு மெதுவான இசை தொடங்குகிறது. கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் பகுதியை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்து, கருவியுடன் வெளியேறுகின்றனர். இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து ஓய்கின்றன. பிரபு குறிப்பை உணர்ந்து, மறுநாளே அனைவரும் புறப்பட ஆணையிட்டார் எனக் கூறப்படுகிறது.

கேட்போர் என்ன எதிர்பார்ப்பர் என்பதை அறிந்து, அவ்வெதிர்பார்ப்பை மாற்றுவதன் மூலம் பொருள் உணர்த்தும் முறையை இங்கு காணலாம். இருபது ஆண்டுகள் கழித்து இலண்டனில் இதே முறை வேறு வடிவில் வெளிப்பட்டது.

உரிமையும் புகழும்

1779 இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, படைப்புகளைப் பிறருக்குத் தரக்கூடாது என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இது ஹேடனின் வாழ்வில் ஒரு திருப்புமுனை. வியன்னாவின் அர்த்தாரியா நிறுவனம் உள்ளிட்ட பதிப்பகங்களுடன் அவர் தொடர்பு கொண்டார். 1781 இல் எழுதிய ஆறு நால்வர் தந்தியிசைகள் (ஓபஸ் 33) ஐரோப்பா எங்கும் பரவின. பாரிஸ் நகரின் வேண்டுகோளுக்கு இணங்க 1785-86 இல் சிம்பொனிகள் 82 முதல் 87 வரை எழுதினார். ஸ்பெயின் நாட்டின் காதிஸ் நகருக்காக இயேசுவின் இறுதி ஏழு வாக்குகள் பற்றிய இசையையும் அமைத்தார். ஐரோப்பாவில் மிகவும் அறியப்பட்ட இசையமைப்பாளர் ஆன பின்னும் அவர் ஹங்கேரியின் அரண்மனையில் ஊழியராகவே இருந்தார்.

1780களில் மோட்சார்ட்டுடன் நெருங்கிய நட்பு உண்டானது. 24 வயது இளையவரான மோட்சார்ட், தமது ஆறு நால்வர் தந்தியிசைகளை 1785 இல் ஹேடனுக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் மற்றவரின் படைப்புகளிலிருந்து கற்றுக்கொண்டமை இருவரின் பிற்கால இசையிலும் தெரிகிறது.

இலண்டன் பயணங்கள்

செப்டம்பர் 28, 1790 இல் நிக்கோலஸ் இறந்தார். அவரது மகன் அன்டன் இசைக்குழுவின் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு ஹேடனுக்கு ஓய்வூதியம் அளித்தார். செய்தியறிந்த இலண்டன் நிகழ்ச்சி அமைப்பாளரும் வயலின் கலைஞருமான ஜோகான் பீட்டர் சாலமன் உடனே வியன்னா வந்து ஹேடனை அழைத்தார். டிசம்பர் 15, 1790 இல் இருவரும் புறப்பட்டனர். மோட்சார்ட்டிடம் அப்போது பெற்ற விடையே இறுதி விடையாயிற்று. அவர் 1791 டிசம்பரில் இறந்தார்.

ஜனவரி 1, 1791 இல் ஹேடன் இங்கிலாந்து வந்தடைந்தார். ஹானோவர் சதுக்க அரங்கில் சுமார் 40 கலைஞர்கள் கொண்ட குழுவுடன் நிகழ்ச்சிகள் நடந்தன. 1791 சூலையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு இசை முனைவர் பட்டம் வழங்கியது. 1791-92, 1794-95 ஆகிய இரு பயணங்களுக்காகவும் எழுதப்பட்ட சிம்பொனிகள் 93 முதல் 104 வரை இலண்டன் சிம்பொனிகள் எனப்படுகின்றன.

1792 ஆம் ஆண்டின் பருவத்தில் போட்டி கடுமையானது. சாலமனின் நிகழ்ச்சிகளுக்கு எதிராகப் புரொபெஷனல் கான்செர்ட் என்னும் அமைப்பு, ஹேடனின் முன்னாள் மாணவர் இக்னாஸ் பிளெயலை வரவழைத்தது. ஆசிரியரும் மாணவரும் நட்பு குறையாமல் பழகினர். ஆயினும் அறுபது வயதை எட்டிய ஆசிரியர், வாரந்தோறும் புதிய படைப்பு தருவதாக வாக்களித்திருந்த நிலையில், இளைய மாணவருடன் ஒப்பிடப்பட்டார். இச்சூழலில் மார்ச் 23, 1792 இல் சிம்பொனி எண் 94 முதன்முறை ஒலித்தது.

சிம்பொனி எண் 94: இரண்டாம் அங்கத்தின் இசைக்கூறுகள்

ஜி மேஜரில் அமைந்த இச்சிம்பொனி நான்கு அங்கங்கள் கொண்டது. இரண்டாம் அங்கம் ஆண்டாண்டே, அதாவது மிதமான நடை உடையது. சி மேஜரில் அமைந்தது. சி மேஜரின் சுர இடைவெளிகள் கர்நாடக இசையின் சங்கராபரண இராகச் சுரங்களுக்கு இணையானவை. எனவே அவ்விசையை அறிந்தோர் கீழ்வரும் விளக்கத்தை ச-ரி-க-ம எனக் கொண்டு பின்பற்றலாம்.

வடிவம்

இவ்வங்கம் கருவும் மாறுபாடுகளும் என்னும் வடிவில் உள்ளது. முதலில் ஒரு மெட்டு முழுமையாக ஒலிக்கும். பின் அதன் அடிப்படை அமைப்பு மாறாமல், ஒவ்வொரு முறையும் ஒரு கூறு மாற்றப்பட்டு அது திரும்பத் திரும்ப வரும். இங்கு கருவுடன் நான்கு மாறுபாடுகளும் ஒரு நிறைவுப் பகுதியும் உள்ளன. மொத்தம் 156 தாளக்கட்டங்கள். தாளக்கட்டம் என்பது இசைக்குறிப்பில் நெடுங்கோடுகளால் பிரிக்கப்படும் அளவு. இங்கு ஒவ்வொன்றும் இரண்டு அடி கொண்டது.

மெட்டும் தாளமும்

மெட்டின் முதற்பாதி எட்டுத் தாளக்கட்டங்கள். அது ஆதார சுரமான ச-வில் தொடங்கி, க, ப எனச் சுரத்திற்கு இரண்டு தட்டாக மேலேறுகிறது. ஆறு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் சேர்ந்து ஒரு சிறு சொற்றொடர் ஆகின்றன. அடுத்த சொற்றொடர் அதே தாள அமைப்பில் கீழிறங்கி விடை தருகிறது. ஒருமுறை கேட்ட குழந்தையும் திரும்பப் பாடக்கூடிய எளிமை இது. எளிமை காரணமாகவே, இரண்டு சொற்றொடர்கள் முடிவதற்குள் அடுத்து வருவதைக் கேட்போர் தாமே ஊகிக்கத் தொடங்குகின்றனர். இந்த ஊகமே இசையமைப்பாளரின் மூலப்பொருள் ஆகிறது.

ஒத்திசைவு

ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது சுரக்கூட்டு. மெட்டின் முதல் சொற்றொடர் ச-வின் மீது அமைந்த சுரக்கூட்டையும், இரண்டாவது ப-வின் மீது அமைந்த சுரக்கூட்டையும் சார்ந்துள்ளது. முன்னது வீடு போன்றது. பின்னது வீடு திரும்ப வேண்டிய வழி போன்றது. முதற்பாதியின் இறுதியில் மட்டும் சி மேஜரில் இல்லாத ஒரு சுரம் வருகிறது. அது உயர்ந்த ம, அதாவது பிரதி மத்திமத்திற்கு இணையானது. அதன் இழுப்பினால் இசை ப-வில் சென்று நிற்கிறது. வாக்கியம் முடியாமல் காற்புள்ளியில் நிற்பதைப் போன்ற நிலை இது.

ஒலியளவும் புகழ்பெற்ற அதிர்ச்சியும்

முதல் எட்டுத் தாளக்கட்டங்களைத் தந்திக்கருவிகள் மட்டும் மென்மையாக வாசிக்கின்றன. பின் அதே எட்டும் மீண்டும் வருகின்றன. இம்முறை ஒலி மேலும் தாழ்கிறது. தாழ்ந்த தந்திக்கருவிகள் வில்லை விட்டு விரலால் மீட்டப்படுகின்றன. அரங்கம் காதைக் கூர்மையாக்க வேண்டிய அளவுக்கு ஒலி குறைந்துள்ள போது, 16 ஆவது தாளக்கட்டத்தில், டிரம்பெட்டும் டிம்பனி முரசும் உட்பட இசைக்குழு முழுவதும் மிக உரத்த ஒரே சுரக்கூட்டை எழுப்புகிறது. அடுத்த கணம் எதுவும் நடவாதது போல் மெட்டின் இரண்டாம் பாதி மென்மையாகத் தொடர்கிறது.

இவ்வதிர்ச்சி எதனால் விளைகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஒலித்த சுரக்கூட்டு ப-வின் மீது அமைந்தது. எட்டுத் தாளக்கட்டங்களுக்கு முன் முதற்பாதி முடிந்த அதே இடம் அது. ஒத்திசைவின் அடிப்படையில் அதில் புதுமை எதுவும் இல்லை. கேட்போர் எதிர்பார்த்த சுரங்களே வந்துள்ளன. மாறியவை மூன்று மட்டுமே: ஒலியளவு, கருவிகளின் ஒலிநிறம், தாளத்தில் அது விழும் இடம். மெட்டு வலுவான முதலடியில் முடிந்து ஓய்வு வர வேண்டிய வலுவற்ற இரண்டாம் அடியில் இச்சுரக்கூட்டு விழுகிறது. பிழையான சுரம் ஒன்றை உரக்க ஒலித்திருந்தால் அது வெறும் குழப்பமாக முடிந்திருக்கும். சரியான சுரம் தவறான அளவில் வந்தமையால், அதிர்ந்தவர் மறுகணம் சிரிக்க முடிகிறது.

ஹேடனின் கையெழுத்துப் படியில் இவ்வங்கத்தின் முதல் வடிவில் அந்த உரத்த சுரக்கூட்டு இல்லை. அது பின்னர் சேர்க்கப்பட்டது. உறங்கும் சீமாட்டிகளை எழுப்பவே இதைச் செய்தார் என்ற கதை பரவலானது. முதுமையில் இது பற்றிக் கேட்கப்பட்ட போது ஹேடன் அதை மறுத்து, மாணவர் பிளெயல் தம்மை விஞ்சிவிடாதபடி புதுமையான ஒன்றால் மக்களை வியக்க வைக்க விரும்பியதாகத் தெரிவித்தார்.

மாறுபாடுகளும் இழைவமைப்பும்

- முதல் மாறுபாடு: மெட்டு இரண்டாம் வயலின்களிடம் செல்கிறது. முதல் வயலின்கள் அதற்கு மேல் விரைவான புதிய இழை ஒன்றைப் பின்னுகின்றன. மாற்றப்பட்ட கூறு இழைவமைப்பு.
- இரண்டாம் மாறுபாடு: சி மைனருக்கு இசை மாறுகிறது. தொடக்கத்தில் கருவிகள் அனைத்தும் ஒரே சுரவரிசையை உரக்க வாசிக்கின்றன. விளையாட்டாக இருந்த மெட்டு இங்கு கடுமை கொள்கிறது. பின் அது பிற சுரநிலைகளில் அலைந்து, தனித்து ஒலிக்கும் முதல் வயலின்கள் வழியாகத் திரும்புகிறது. மாற்றப்பட்ட கூறு உணர்வு நிறம்.
- மூன்றாம் மாறுபாடு: மீண்டும் சி மேஜர். ஓபோ ஒவ்வொரு சுரத்தையும் இரட்டிப்பு வேகத்தில் தட்டுகிறது. தொடர்ந்து வயலின்கள் மெட்டை வாசிக்க, புல்லாங்குழலும் ஓபோவும் எதிர்மெட்டு இசைக்கின்றன. மாற்றப்பட்ட கூறு ஒலிநிறம்.
- நான்காம் மாறுபாடு: முழு இசைக்குழுவும் உரத்து முழங்க, வயலின்கள் விரைந்து ஓடும் சுரங்களால் அணி செய்கின்றன. முன்பு ஒரே அடியாக வந்து மறைந்த டிரம்பெட்டும் முரசும் இப்போது இசையின் இயல்பான பகுதியாகின்றன.

முதலில் கேட்ட அந்த அதிர்ச்சி அதே இடத்தில் மீண்டும் வருவதே இல்லை. ஒருமுறை அதிர்ந்த கேட்போர் ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் அதற்காகக் காத்திருக்கின்றனர்; அது வராமையே இரண்டாவது வேடிக்கை. ஆகவே ஒரே ஓர் அடி, அங்கம் முழுவதையும் கூர்ந்து கேட்க வைக்கிறது.

நிறைவுப் பகுதி

முழக்கத்தின் உச்சியில் இசை நிறுத்தப்படுகிறது. பின் மெட்டின் தொடக்கம் காற்றுக் கருவிகளில் மெல்லக் கேட்கிறது. கீழே ஆதார சுரம் அசையாது நிற்க, நடுவில் உள்ள தந்திக்கருவிகள் சி மேஜருக்குப் புறம்பான சுரங்களால் அதன் மீது நிழல் படியச் செய்கின்றன. எளிமையான மெட்டு முதன்முறையாக ஏக்கம் கலந்து ஒலிக்கிறது. உரத்த ஒலிக்குப் பெயர்பெற்ற இவ்வங்கம் மிக மென்மையான ஒலியில் முடிகிறது.

இச்சிம்பொனி ஆங்கிலத்தில் வியப்பு என்றும் செருமன் மொழியில் முரசடி என்றும் பொருள்படும் பெயர்களால் அழைக்கப்படுகிறது. 1801 இல் நிறைவுற்ற பருவங்கள் என்னும் ஓரட்டோரியோவில், உழவன் வயலில் சீழ்க்கையடிக்கும் மெட்டாக இதே ஆண்டாண்டே மெட்டை ஹேடன் மீண்டும் பயன்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

1792 இல் வியன்னா திரும்பிய பின் இளைஞரான பேத்தோவனுக்கு ஹேடன் பாடம் கற்பித்தார். இருவருக்கும் இடையே உறவு எப்போதும் இணக்கமாக இருக்கவில்லை. எனினும் சிறு கருவிலிருந்து பெரும் அங்கத்தைக் கட்டும் ஹேடனின் முறையைப் பேத்தோவனே மிகத் தொலைவு கொண்டு சென்றார்.

இங்கிலாந்தில் மக்கள் தம் அரசருக்காகப் பாடும் பாடலைக் கேட்ட ஹேடன், ஆஸ்திரியப் பேரரசருக்காக 1797 இல் ஒரு வாழ்த்து மெட்டை அமைத்தார். அதே ஆண்டில் தமது நால்வர் தந்தியிசை ஒன்றின் இரண்டாம் அங்கத்தில் அதற்கு நான்கு மாறுபாடுகள் எழுதினார். அம்மெட்டே வேறு சொற்களுடன் 1922 இல் செருமனியின் நாட்டுப்பண் ஆனது.

இலண்டனில் ஹேண்டலின் ஓரட்டோரியோக்களைக் கேட்டதன் தாக்கத்தால், படைப்பு என்னும் ஓரட்டோரியோவை எழுதினார். இது 1798 இல் வியன்னாவில் அழைக்கப்பட்டோர் முன்னும் 1799 இல் பொதுமக்கள் முன்னும் அரங்கேறியது. இருளிலிருந்து ஒளி தோன்றும் இடத்தில், மிக மெல்லிய ஒலியைத் தொடர்ந்து முழு இசைக்குழுவும் சி மேஜர் சுரக்கூட்டை எழுப்புகிறது. ஆண்டாண்டேயில் வேடிக்கைக்குப் பயன்பட்ட அதே உத்தி இங்கு வழிபாட்டு உணர்வுக்குப் பயன்படுகிறது.

1803 அளவில் உடல் நலிவால் இசையமைப்பதை நிறுத்தினார். இசை எண்ணங்கள் தொடர்ந்து வந்தும் எழுத உடலில் வலுவில்லாதது அவரை வருத்தியது. மார்ச் 27, 1808 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் அவரது நினைவைப் போற்றிப் படைப்பு இசைக்கப்பட்டது. நாற்காலியில் வைத்துத் தூக்கி வரப்பட்ட ஹேடன், உணர்ச்சி மிகுதியால் முதற்பகுதியின் முடிவிலேயே வீடு திரும்ப நேர்ந்தது. அன்று அவரை வணங்கியவர்களுள் பேத்தோவனும் ஒருவர்.

மறைவும் மண்டையோடும்

1809 மே மாதத்தில் நெப்போலியனின் படைகள் வியன்னாவைத் தாக்கின. ஹேடனின் வீட்டருகே குண்டுகள் விழுந்தபோது அவர் பணியாளர்களுக்கு ஆறுதல் கூறினார். தாம் எழுதிய பேரரசர் வாழ்த்தை இறுதி நாட்களில் பியானோவில் வாசித்து வந்தார். பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியிருந்த நிலையில் மே 31, 1809 இல் தமது 77 ஆவது வயதில் காலமானார். பின்னர் நடந்த நினைவு வழிபாட்டில் மோட்சார்ட்டின் இறந்தோர் திருப்பலி இசை ஒலித்தது.

மண்டையோட்டின் வடிவில் அறிவாற்றல் தெரியும் என்ற அக்கால நம்பிக்கையால், அடக்கம் நடந்த சில நாட்களில் ஹேடனின் தலை கல்லறையிலிருந்து திருடப்பட்டது. 1820 இல் எஸ்டர்ஹாசி பிரபு உடலை ஐசன்ஸ்டாட் நகருக்கு மாற்றிய போதே இது தெரிய வந்தது. திருடியவர்கள் வேறொரு மண்டையோட்டைக் கொடுத்து ஏமாற்றினர். உண்மையான மண்டையோடு பலர் கைமாறி, வியன்னாவின் இசை ஆர்வலர் சங்கத்திற்கு வந்து சேர்ந்தது. 1954 இல் அது உடலுடன் சேர்க்கப்பட்டது. முன்பு வைக்கப்பட்ட மண்டையோடும் அகற்றப்படாததால் ஹேடனின் கல்லறையில் இரண்டு மண்டையோடுகள் உள்ளன.

இசைப் பங்களிப்பு

ஹேடனின் காலத் தொடக்கத்தில் சிம்பொனி என்பது நிகழ்ச்சியைத் தொடங்கி வைக்கும் சிறு இசையாகவே பெரும்பாலும் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற போது அது நிகழ்ச்சியின் மையமாகிவிட்டது. அவரது படைப்புகளை டச்சு அறிஞர் அந்தோனி வான் ஹோபோகன் வகைப்படுத்தி எண்ணிட்டுள்ளார். அப்பட்டியலின் முதல் தொகுதி 1957 இல் வெளிவந்தது.

19 ஆம் நூற்றாண்டில் ஹேடன் நகைச்சுவை மிக்க எளிய முதியவராகவே மதிப்பிடப்பட்டார். சிம்பொனி எண் 94 இன் முரசடி மட்டும் நினைவில் நின்றது. 20 ஆம் நூற்றாண்டில் அவரது படைப்புகள் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டு இசைக்கப்பட்ட பின்னரே, அம்முரசடிக்கு முன்னும் பின்னும் அமைந்துள்ள நுட்பமான கட்டமைப்பு பரவலாக உணரப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே பிரபுக் குடும்பத்தின் விருப்பத்தை அறிந்து எழுதிய அனுபவமே, முன்பின் அறியாத ஓர் அரங்கத்தின் எதிர்பார்ப்பையும் கையாளும் திறனை அவருக்கு அளித்தது எனலாம்.